பொய் சொல்வது உடம்பா, மனமா?

நீங்கள் கேட்டிருப்பதைச் சுருக்கினால் இப்படி வருகிறது. உங்களுக்கு வயது 32, திருமணமாகிப் பத்து மாதம். விடியற்காலையில் விறைப்பு வருகிறது. தனியாக இருக்கும்போதும் குறையில்லை. மனைவியோடு இருக்கையில் மட்டும் தொடக்கத்தில் வந்துவிட்டு, ஆணுறை மாட்டும் நேரத்திலோ உள்ளே நுழைக்கப் போகும்போதோ அடங்கிவிடுகிறது. மனைவிக்கு நடப்பது இதற்கு நேர்மாறு. தொட்டால் ஈரமாகிறது, ஆனால் "எனக்கு அப்படி ஒன்றும் தோன்றவில்லை" என்கிறார். நண்பர் ஒருவர் உங்களுக்கு நரம்புத் தளர்ச்சி என்று சொல்லி லேகியம் வாங்கச் சொல்லியிருக்கிறார். "எனக்கு ஆசை இருக்கிறது, உடம்பு வரவில்லை. அவளுக்கு உடம்பு வருகிறது, ஆசை இல்லை. யார் பொய் சொல்கிறோம்?" என்று கேட்டு முடித்திருக்கிறீர்கள்.

யாரும் பொய் சொல்லவில்லை. ஆசை வந்தால் உடம்பு தயாராகும், உடம்பு தயாராகிவிட்டால் ஆசை இருக்கிறது என்று பொருள், இரண்டும் ஒரே கயிற்றின் இரு முனைகள் என்று நம்மில் பெரும்பாலோர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். உங்கள் கேள்வியும் அந்த எண்ணத்திலிருந்துதான் பிறக்கிறது. பாலுணர்வு அப்படி இயங்குவதில்லை. வேண்டும் என்ற வேட்கை ஒன்று. உறுப்புக்கு ரத்தம் பாய்வது இன்னொன்று. "இப்போது எனக்குக் கிளர்ச்சியாக இருக்கிறது" என்று மனம் உணர்வது மூன்றாவது. பல நேரம் மூன்றும் சேர்ந்து வரும். சேராமல் வருவதும் நோயில்லாத மனிதர்களிடம் சாதாரணமாக நடப்பதே. மருத்துவ உலகமே இதைத் தாமதமாகத்தான் புரிந்துகொண்டது. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் 382 பெண்களையும் 312 ஆண்களையும் ஆய்வகத்தில் நேரடியாகக் கவனித்து, ஆய்வாளர்கள் மாஸ்டர்ஸும் ஜான்சனும் 1966-இல் பாலுணர்வுக்கு நான்கு கட்டங்களை வகுத்தார்கள்: கிளர்ச்சி, மேட்டுநிலை, உச்சம், தணிவு. அதில் ஆசைக்கு இடமே இல்லை. ஆய்வகத்துக்கு விரும்பி வந்தவர்களிடம் ஆசையைத் தனியாகத் தேட வேண்டியிருக்கவில்லை. சிகிச்சைக்கு வந்த தம்பதிகளைப் பார்த்த ஹெலன் சிங்கர் கப்லான்தான், 1970-களின் இறுதியில், வேட்கையைத் தனிக் கட்டமாகச் சேர்த்தார்.

முதலில் உங்கள் உடம்பு. விறைப்பு என்றாலே வலு, முறுக்கு என்ற சொற்கள்தான் நம் நாவில் வரும். உள்ளே நடப்பது தளர்வு. ஆண்குறிக்குள் இருபுறமும் பஞ்சு போன்ற இரண்டு உருளைகள் உள்ளன. அவற்றின் சுவர்களிலும், அவற்றுக்கு வரும் தமனிகளிலும் மென்தசை இருக்கிறது. நம் விருப்பத்துக்குச் சுருங்காத, தானியங்கி நரம்புகள் ஆளும் தசை அது. சாதாரண நேரத்தில் அந்தத் தசை இறுகியே இருக்கும்; அதனால்தான் உறுப்பு சுருங்கியிருக்கிறது. தொடுகையோ காட்சியோ நினைவோ தூண்டும்போது, முதுகுத்தண்டின் கீழ்முனையிலிருந்து, சாக்ரல் 2 முதல் 4 வரையிலான பகுதியிலிருந்து, வரும் பாராசிம்பதெடிக் நரம்புகளின் முனைகளும் ரத்தக்குழாய்ச் சுவர்களும் நைட்ரிக் ஆக்சைடை வெளிவிடுகின்றன. அது தசைக்குள் சைக்ளிக் ஜி.எம்.பி. என்ற பொருளை உண்டாக்குகிறது. தசை தளர்கிறது, தமனி விரிகிறது, பஞ்சறைகளில் ரத்தம் நிரம்புகிறது. நிரம்பிய பஞ்சு தன்னைச் சுற்றியுள்ள கெட்டியான உறையோடு சிறு சிரைகளை அழுத்த, ரத்தம் வெளியேறும் வழி ஏறத்தாழ அடைபடுகிறது. உள்ளழுத்தம் 100 மி.மீ. பாதரச அளவை ஒட்டி ஏறுகிறது. இதுதான் விறைப்பு. பிரிட்டிஷ் உடலியல் அறிஞர் ஜைல்ஸ் பிரிண்ட்லி 1983-இல் லாஸ் வேகாஸில் நடந்த சிறுநீரியல் மருத்துவர் மாநாட்டுக்கு, தசை தளர்த்தும் மருந்தைத் தன் உறுப்பில் ஊசியால் ஏற்றிக்கொண்டு வந்து, ஆசையோ காட்சியோ இல்லாமல் தளர்வு மட்டுமே விறைப்பைத் தரும் என்று கூடியிருந்தவர்கள் முன் காட்டினார். அதன் பிறகு இதில் ஐயத்துக்கு இடமில்லாமல் போயிற்று.

இதற்கு எதிர்த்திசையில் இழுப்பது சிம்பதெடிக் நரம்பு. திடுக்கிடும்போது நெஞ்சு படபடக்கிறதே, உள்ளங்கை வியர்க்கிறதே, அதே நரம்பு மண்டலம். அது வெளிவிடும் நார்அட்ரினலின் அந்த மென்தசையை இறுக்கும். தசை இறுகினால் பஞ்சறை வடியும், சிரைகள் திறக்கும், சில நொடிகளில் விறைப்பு இறங்கும். ஆணுறை மாட்டும் நேரம் என்று நீங்கள் குறிப்பிட்டது தற்செயல் இல்லை. அந்த நிமிடத்தில் தூண்டல் நிற்கிறது, கை ஒரு வேலையைச் செய்கிறது, மனம் "நிற்குமா?" என்று பார்க்கிறது. தொடுகை இல்லாததால் தளர்த்தும் நரம்பின் சேதி குறைகிறது, பதற்றத்தால் இறுக்கும் நரம்பின் சேதி கூடுகிறது. ஒரு முறை அப்படி நடந்தால் அடுத்த முறை அதே கட்டம் நெருங்கும்போதே உடம்பு எச்சரிக்கையாகிவிடும்.

பதற்றம்தான் காரணம் என்று சொல்லி முடித்துவிட்டால் அது பாதி உண்மைதான். அமெரிக்க உளவியலாளர் டேவிட் பார்லோவும் அவருடன் இருந்தவர்களும் 1980-களில் செய்த சோதனைகள் இதில் அதிகம் சொல்லித் தருகின்றன. விறைப்பில் குறையில்லாத ஆண்களிடம், போதுமான விறைப்பு வராவிட்டால் மின்னதிர்ச்சி கிடைக்கக்கூடும் என்று பயமுறுத்திப் பார்த்தார்கள். அவர்களுக்குக் கிளர்ச்சி குறையவில்லை, கூடியது. குறையோடு வந்தவர்களுக்கு அதே மிரட்டலில் இறங்கியது. வேறொரு சோதனையில், பாலுணர்வைத் தூண்டும் படம் பார்க்கும்போதே காதில் வேறு ஏதோ சம்பந்தமில்லாத பேச்சை ஒலிக்கவிட்டார்கள். குறையில்லாதவர்களுக்கு விறைப்பு குறைந்தது. குறையுள்ளவர்களுக்குப் பெரிய வித்தியாசம் இல்லை, ஏனென்றால் அவர்கள் கவனம் ஏற்கெனவே வேறெங்கோதான் இருந்தது. ஆக, கெடுப்பது அச்சம் மட்டுமில்லை. கவனம் எங்கே போய் நிற்கிறது என்பதும் சேர்ந்துதான். தொடுகையில் நிற்க வேண்டிய கவனம் தன் உறுப்பைக் கண்காணிக்கும் வேலைக்குப் போய்விடுகிறது. மாஸ்டர்ஸும் ஜான்சனும் இதைப் பார்வையாளராக மாறுவது என்றார்கள். தன் படுக்கையிலேயே தான் வேடிக்கை பார்ப்பவராகிவிடுவது. தனியாக இருக்கும்போது உங்களுக்கு இது நேர்வதில்லை. அங்கே தேர்வும் இல்லை, தேர்வாளரும் இல்லை.

பாலுணர்வை ஆராயும் அமெரிக்காவின் கின்சி நிறுவனத்தில் ஜான் பேன்கிராப்டும் எரிக் யான்சனும் 2000-ஆம் ஆண்டையொட்டி வகுத்த இரட்டைக் கட்டுப்பாட்டுக் கருத்து இதை நன்றாக விளக்குகிறது. மூளையில் பாலுணர்வுக்கு முடுக்கி ஒன்று, பிரேக் ஒன்று, இரண்டும் தனித்தனி. ஒவ்வொருவருக்கும் இவற்றின் கூர்மை வேறு. பிரேக்கிலும் இரண்டு வகையைக் கண்டார்கள். "என்னால் முடியாமல் போய்விடுமோ" என்பது ஒன்று. "இதனால் ஏதாவது விபரீதம் வந்துவிடுமோ, யாராவது பார்த்துவிடுவார்களோ, கர்ப்பமாகிவிடுமோ" என்பது மற்றொன்று. நம் வீடுகளில் இரண்டாவது பிரேக்கை அழுத்திப் பிடிக்க எத்தனை காரணங்கள் இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். பக்கத்து அறையில் மாமனார் மாமியார், ஒலிக்கும் கட்டில், சரியாக விழாத தாழ்ப்பாள், விடிந்தால் ஐந்தரைக்கு எழுந்திருக்க வேண்டிய மருமகள். குழந்தையைத் தள்ளிப்போட்டிருப்பது தெரியாமல் "விசேஷம் ஏதும் உண்டா?" என்று மாதாமாதம் விசாரிக்கும் சொந்தக்காரர்கள் வேறு. பிரேக்கில் கால் இருக்கும்போது முடுக்கியை எவ்வளவு மிதித்தாலும் வண்டி உறுமும், நகராது. கூடுதலாகப் படம் பார்ப்பது, கூடுதலாக முயற்சி செய்வது, லேகியம் சாப்பிடுவது எல்லாம் முடுக்கியை மிதிப்பதுதான். இந்தக் கருத்து ஒரு விளக்க மாதிரிதான், மூளையில் இன்ன இடத்தில் பிரேக் இருக்கிறது என்று விரல் வைத்துக் காட்டும் வரைபடம் இல்லை. ஆனால் நடைமுறையில் இவ்வளவு பயன்படும் மாதிரி இத்துறையில் வேறு அதிகம் இல்லை.

விடியற்காலை விறைப்பைப் பற்றி. இரவில் கனவுத் தூக்கம் வரும்போதெல்லாம், பொதுவாக மூன்று முதல் ஐந்து முறை, ஆரோக்கியமான ஆணுக்கு விறைப்பு வந்து போகும். விழிக்கும் நேரத்தில் கடைசியாக வந்ததைத்தான் நீங்கள் பார்க்கிறீர்கள். அது உறுதியாகவும் அடிக்கடியும் வருகிறதென்றால் தமனி, நரம்பு, பஞ்சு, ஹார்மோன் ஆகியவற்றில் பெரிய பழுது இருக்க வாய்ப்பு குறைவு. தனியாக இருக்கும்போதும் நன்றாக வருவது இதை மேலும் உறுதிப்படுத்துகிறது. "வாய்ப்பு குறைவு" என்ற சொற்களை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். "இல்லவே இல்லை" என்று எழுத்தில் வந்த விவரத்தை மட்டும் வைத்து யாரும் சொல்லிவிட முடியாது.

நரம்புத் தளர்ச்சி என்ற சொல்லை நான் கொஞ்சம் கடுமையாகவே மறுக்கிறேன். விறைப்புக் குறைவுக்கு அப்படி ஒரு நோய் நவீன மருத்துவத்தில் கிடையாது. சர்க்கரை நோயால் நரம்பு கெடுவது உண்டு, முதுகுத்தண்டில் அடிபட்டு நரம்பு அறுவது உண்டு. அவை சோதித்து அறியக்கூடிய, பெயருள்ள நோய்கள். சுய இன்பத்தாலும் விந்து வெளியேறுவதாலும் நரம்பு தளர்ந்துபோகும் என்பது நம் நாட்டில் ஆழமாக ஊறிய அச்சம். மனநல மருத்துவர் என்.என். விக் 1960-இல் இந்த அச்சத்துக்கே 'தாத் நோய்க்குறி' என்று பெயர் வைத்தார். ஒரு முறை வெளியேறும் விந்து பொதுவாக 1.5 முதல் 5 மி.லி. வரை, அதில் பெரும்பகுதி விந்துப்பையும் புராஸ்டேட் சுரப்பியும் சுரக்கும் திரவம். எச்சில் போல உடம்பு திரும்பத் திரும்பச் சுரப்பது. அதில் ரத்தமும் இல்லை, சேமித்து வைத்த சக்தியும் இல்லை. லேகியத்தைப் பொறுத்தவரை ஒரு எச்சரிக்கை. மூலிகை என்று விற்கப்படும் இத்தகைய தயாரிப்புகளில் சில்டெனாபில் (வயாகரா) போன்ற விறைப்புக்கான ஆங்கில மருந்தைச் சொல்லாமல் கலப்பது பல நாடுகளில் சோதனையில் பிடிபட்டிருக்கிறது. "சாப்பிட்ட அன்றே வேலை செய்தது" என்றால் சந்தேகப்பட வேண்டிய இடம் அது.

இனி உங்கள் மனைவி. யோனியின் ஈரம் பெரும்பாலும் சுரப்பி சுரப்பதில்லை. கிளர்ச்சியில் யோனிச் சுவரைச் சுற்றிய நுண்குழாய்களில் ரத்தம் பெருகி, அதன் நீர்ப்பகுதி சுவர் வழியே கசிந்து வெளியே அரும்புகிறது. தூண்டல் தொடங்கி அரை நிமிடத்துக்குள்ளேயே இது தொடங்கிவிடலாம், அவர் மனத்தில் எதுவும் தொடங்கும் முன்பே. ஆய்வகத்தில் ஒளியால் யோனியின் ரத்த ஓட்டத்தை அளக்கும் சிறு கருவி ஒன்று உண்டு. அந்த அளவையும், அதே நேரத்தில் அந்தப் பெண் "எனக்கு இவ்வளவு கிளர்ச்சி" என்று தானே சொன்ன அளவையும் ஒப்பிட்ட ஆய்வுகளைக் கனடாவின் மெரிடித் சிவர்ஸும் மற்றவர்களும் 2010-இல் தொகுத்தார்கள். மொத்தம் 132 ஆய்வுகள், 2,505 பெண்கள், 1,918 ஆண்கள். முழுப் பொருத்தம் என்றால் 1, பொருத்தமே இல்லை என்றால் 0 என்று கொண்டால், ஆண்களுக்கு 0.66, பெண்களுக்கு 0.26. ஆண்களிடமும் அது 1-ஐத் தொடவில்லை என்பதைக் கவனியுங்கள். பெண்களிடம் ஏன் இவ்வளவு குறைவு என்பதில் கருத்து வேறுபாடு இருக்கிறது. பாலியல் சாயலுள்ள எதைக் கண்டாலும் யோனி ஈரமாவது உட்புறம் காயப்படாமல் இருக்க உடம்பு செய்துகொள்ளும் தற்காப்பு என்பது ஒரு கருதுகோள். அளக்கும் கருவிகளே இருபாலருக்கும் வேறு என்பது இன்னொரு வாதம். ஆய்வகத்தில் படம் பார்ப்பதும் படுக்கையறையும் ஒன்றல்ல. இத்தனை இருந்தும் ஒன்று உறுதி: ஈரம் ஆசைக்குச் சான்று ஆகாது.

மருந்துச் சந்தையும் இதையே சொன்னது. சில்டெனாபில் ஆண்களுக்கு 1998-இல் வந்தபின், பெண்களுக்கும் அதே மருந்தைச் சுமார் 3,000 பேரிடம் சோதித்துவிட்டு, 2004-இல் பைசர் நிறுவனம் அந்த முயற்சியைக் கைவிட்டது. ரத்த ஓட்டத்தைக் கூட்ட முடிந்தாலும், அதனால் ஆசை கூடும் என்று காட்ட முடியவில்லை.

இதில் இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். "உன் உடம்பே சம்மதிக்கிறதே" என்ற சொல் உங்கள் வாயிலிருந்து ஒரு நாளும் வரக் கூடாது. வன்கொடுமைக்கு உள்ளானவர்களுக்கே ஈரமும் விறைப்பும், சிலருக்கு உச்சமும்கூட, நேர்ந்தது மருத்துவத்தில் பதிவாகியிருக்கிறது. உறுப்பின் அனிச்சைச் செயல் சம்மதம் ஆகாது. மனைவி வாயால் சொல்வதே பதில். அவர் "தோன்றவில்லை" என்றால் தோன்றவில்லை. இதை நீங்கள் முழுமனதோடு ஏற்றுக்கொண்டால் அவர் மீதிருக்கும் ஒரு பிரேக் அப்போதே இளகும்.

அதற்காக அவருக்கு ஆசையே இல்லை என்று முடிவு கட்டவும் வேண்டாம். பசி எடுத்து உண்பவர் ஒருவர். இலையில் உட்கார்ந்து முதல் கவளம் வாயில் வைத்தபின் பசியை உணர்பவர் இன்னொருவர். வான்கூவரைச் சேர்ந்த மருத்துவர் ரோஸ்மேரி பாசன் 2000-இல் இதை எழுதினார்: நீண்டகால உறவில் உள்ள பல பெண்களுக்கு ஆசை முதலில் வருவதில்லை, நெருக்கம், இதமான தொடுகை, அவசரமின்மை இவற்றில் கிளர்ச்சி தொடங்கி, அதன்பின் ஆசை எழுகிறது. எல்லாப் பெண்களும் இப்படி என்றோ, ஆண்கள் எல்லோரும் தானாக ஆசை எழுபவர்கள் என்றோ எடுத்துக்கொள்ள வேண்டாம்; இருபாலரிலும் இரு வகையும் உண்டு. அவர் உண்மையில் எந்த வகை என்பதை அவரைத் தவிர வேறு யாரும் சொல்ல முடியாது. ஆனால் பின்னால் எழும் ஆசைக்கு ஒரு நிபந்தனை இருக்கிறது: தொடங்கியதை எந்த இடத்திலும் நிறுத்தலாம் என்ற உறுதி அவருக்கு வேண்டும். ஒரு முத்தம் கொடுத்தால் அது கடைசிவரை போயே தீரும் என்றால் முத்தத்தையே தவிர்க்கத் தோன்றும்.

அவரிடம் வலியைப் பற்றியும் கேளுங்கள். நுழையும்போது எரிச்சலோ குத்தலோ இருந்தால், அல்லது இடுப்புத்தளத் தசை தானாக இறுகி வழிவிடாமல் போனால், ஆசை வராததற்கு வேறு விளக்கமே தேவையில்லை. அதற்கு மகளிர் நல மருத்துவரைப் பார்க்க வேண்டும், சிகிச்சை இருக்கிறது. கிளிட்டோரிஸைப் பற்றியும் ஒரு வார்த்தை. வெளியே தெரிவது அதன் நுனி மட்டும்தான். உடலும் இரு கால்களும் யோனியின் இருபுறத்துக் குமிழ்களும் உள்ளே படர்ந்திருப்பதை ஆஸ்திரேலியாவின் ஹெலன் ஓ'கானல் 1998-இல் உடற்கூற்றில் தெளிவாகக் காட்டினார். நுழைவு மட்டுமே பல பெண்களை உச்சத்துக்குக் கொண்டுபோகாததன் காரணம் அங்கே இருக்கிறது. நுழைவைச் சுற்றியே எல்லாம் நடந்தால், உங்களுக்கு அது தேர்வாகவும் அவருக்குக் கிட்டாத இன்பமாகவும் ஆகிறது.

செய்ய வேண்டியது என்ன? உங்கள் நிலைக்கு நன்கு பழகிய வழி, 1970-இல் மாஸ்டர்ஸும் ஜான்சனும் வகுத்துப் பின்னர் பலர் செப்பனிட்ட தொடுகைப் பயிற்சி. முதல் விதி: இருவரும் பேசி, குறைந்தது மூன்று வாரத்துக்கு நுழைவைத் தடை செய்வது. இந்தத் தடைதான் மருந்து. தேர்வை ரத்து செய்துவிட்டால் தேர்வு பயம் எங்கே போய் ஒட்டும்? வாரத்துக்கு இரண்டு மூன்று நாள், தூக்கம் கண்ணைச் சொருகாத நேரமாகப் பார்த்து, ஆளுக்குப் பதினைந்து நிமிடம். முதல் வாரம் மார்பும் பிறப்புறுப்பும் விலக்கு. ஒருவர் தொடுவார், மற்றவர் படுத்திருப்பார். பிறகு மாற வேண்டும். தொடுபவர் எதிராளியைக் கிளர்த்த முயலக் கூடாது. தோலின் சூடு, வழுவழுப்பு, சொரசொரப்பு, அழுத்தம் ஆகியவற்றைத் தன் விரலில் கவனிப்பதுதான் வேலை. மனம் "வருகிறதா?" என்று ஓடினால் திட்ட வேண்டாம்; திரும்ப விரல்நுனிக்குக் கொண்டுவாருங்கள். நூறு முறை ஓடினால் நூறு முறை. பிடிக்காத தொடுகை என்றால் சொல்லலாம், அல்லது மற்றவர் கையின்மேல் தன் கையை வைத்து நகர்த்தலாம்.

இரண்டாவது வாரம் மார்பும் பிறப்புறுப்பும் சேரும், அதே நிதானத்தோடு. இங்கே உங்களுக்கென்று ஒரு துணைப்பயிற்சி: விறைப்பு வந்தால் தொடுகையை நிறுத்துங்கள், முழுக்க இறங்க விடுங்கள், மறுபடி தொடங்குங்கள். ஓர் அமர்வில் இரண்டு மூன்று முறை. இறங்கினால் போயே போயிற்று என்ற நம்பிக்கையை உடம்பே பொய்யாக்குவது இதன் நோக்கம். எந்த ஆணுக்கும் விறைப்பு ஒரே மட்டத்தில் நிற்பதில்லை, அலை போல ஏறி இறங்குவதுதான் அதன் இயல்பு. மூன்றாவது கட்டத்தில் இருவரும் ஒரே நேரத்தில் தொடலாம். அதன்பின் மனைவி மேலே இருந்து, நுழைக்காமல் உறுப்புகள் உரசும்படி. பிறகு கொஞ்சமாக நுழைத்து அசையாமல் இருப்பது. அசைவு கடைசியில். ஒவ்வொரு கட்டமும் இருவருக்கும் சலனமில்லாமல் பழகிய பின்தான் அடுத்தது. மூன்று வாரம் ஆறு வாரமானாலும் பரவாயில்லை.

இந்தப் பயிற்சி பெரும்பாலும் கெடுவது ஒரே இடத்தில். நான்காம் நாளே நல்ல விறைப்பு வரும். "இதை வீணாக்குவானேன்" என்று தடையை மீறுவார்கள். அது பாதியில் இறங்கும். பழைய பயம் இருமடங்காகத் திரும்பும். வந்த விறைப்பைப் பயன்படுத்தாமல் விடுவதே பயிற்சி. இன்னொரு பிழை, மனைவியை உங்கள் செவிலியாக ஆக்குவது. அவர் முறை வரும்போது அது அவருக்கான நேரம், உங்கள் சிகிச்சைக்கு அவர் செய்யும் உதவி அல்ல. ஆணுறைக்குத் தனியாகப் பழகிக்கொள்ளுங்கள்: ஒருவராக இருக்கும்போது போட்டுக் கழற்றிப் பழகினால் இருட்டில் தடுமாற வேண்டியதில்லை. அடியில் இறுக்கமாகத் தோன்றினால் பாக்கெட்டில் மி.மீ. கணக்கில் அச்சாகியிருக்கும் அகலத்தைப் பார்த்து ஒரு அளவு பெரியது வாங்குங்கள். வழுவழுப்புக்குத் தேங்காய் எண்ணெய் வேண்டாம். எண்ணெய் பட்ட லேடெக்ஸ் ஆணுறை சில நிமிடங்களிலேயே வலுவிழந்து கிழியும். மருந்துக்கடையில் கிடைக்கும் நீர் சார்ந்த ஜெல் போதும். தனியாக இருக்கையில் மிக இறுக்கிப் பிடித்து வேகமாகச் செய்யும் பழக்கம் இருந்தால் பிடியைத் தளர்த்திப் பாருங்கள். இதற்கு வலுவான ஆய்வுச் சான்று இல்லை, ஆனால் இழப்பதற்கும் ஒன்றுமில்லை. ஆபாசப் படம் விறைப்பைக் கெடுக்குமா என்பதில் ஆய்வு முடிவுகள் ஒன்றோடொன்று முரண்படுகின்றன. உறுதியாகச் சொல்பவர்களை நம்ப வேண்டாம்.

மாத்திரையை நான் எதிர்க்கவில்லை. சில்டெனாபில், டடாலாபில் இரண்டும் சைக்ளிக் ஜி.எம்.பி. சிதையாமல் காப்பவை. ஆசையை உண்டாக்காது, தூண்டல் இல்லாமல் விறைப்பும் தராது. சில்டெனாபிலைச் சுமார் ஒரு மணி நேரம் முன்பு எடுக்க வேண்டும். பிரியாணி போன்ற கொழுப்புச் சாப்பாட்டுக்குப் பின் எடுத்தால் தாமதமாகும். டடாலாபில் 36 மணி நேரம் வரை நிற்கும், அதனால் கடிகாரம் பார்க்கும் பதற்றம் குறைவு. நம்பிக்கை திரும்பும் வரை சில வாரங்கள் பயிற்சியோடு சேர்த்து மருத்துவர் இதைத் தரலாம். ஆனால் நெஞ்சுவலிக்கு நாக்கடியில் வைக்கும் சார்பிட்ரேட் உள்ளிட்ட நைட்ரேட் மருந்து எடுப்பவர் இதைத் தொடவே கூடாது. ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்து. விறைப்பு நான்கு மணி நேரம் தாண்டியும் இறங்காவிட்டால் உடனே அவசரச் சிகிச்சைக்குப் போக வேண்டும். இவற்றை மருத்துவரைக் கேட்காமல் வாங்காதீர்கள்.

மருத்துவரைப் பார்க்கச் சொல்வதற்கு இன்னொரு காரணம் இருக்கிறது. ஆண்குறித் தமனியின் குறுக்களவு 1 முதல் 2 மி.மீ.; இதயத் தமனி 3 முதல் 4 மி.மீ. ஒரே கொழுப்புப் படிவு சிறிய குழாயை முதலில் அடைக்கும். அதனால் சில ஆண்களுக்கு விறைப்புக் குறைவு இதய நோய்க்குச் சில ஆண்டுகள் முன்னறிவிப்பாக வருகிறது. உங்கள் விவரம் அந்தப் பக்கம் காட்டவில்லை, என்றாலும் சர்க்கரை (மூன்று மாதச் சராசரி காட்டும் ஹெச்பி ஏ1சி), கொழுப்பு, ரத்த அழுத்தம், இடுப்பளவு பார்த்துவிடுங்கள். புகைப்பவர் என்றால் நிறுத்துங்கள். ஆசையே குறைந்தால்தான் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனின் அளவைச் சோதிக்க வேண்டும். அதைக் காலை பத்து மணிக்குள், இரண்டு வேறு நாட்களில் பார்த்தால்தான் மதிப்பு உண்டு. மனச்சோர்வு மருந்து, சில ரத்த அழுத்த மருந்துகள், முடி கொட்டாமல் இருக்க எடுக்கும் பினாஸ்டிரைடு ஆகியவை பாலுணர்வைப் பாதிக்கலாம். எடுத்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள், தானாக நிறுத்தாதீர்கள். உறுப்பின் ரத்த ஓட்டத்தைப் பார்க்க ஊசி போட்டு எடுக்கும் டாப்ளர் ஸ்கேனை யாராவது எடுத்த எடுப்பிலேயே எழுதிக் கொடுத்தால் ஏன் என்று கேளுங்கள். விடியலில் உறுதியான விறைப்பு வரும் 32 வயதுக்காரருக்கு அது பெரும்பாலும் தேவையில்லை. சோதனை அறையின் பதற்றத்திலேயே தசை இறுகி, ரத்தம் தங்காமல் சிரை வழியே வடிந்துவிடும் பழுது இருப்பதாகத் தவறாகக் காட்டவும் கூடும்.

விடியற்காலை விறைப்பு நின்றுபோனாலோ, தனியாக இருக்கும்போதும் வராமல் போனாலோ, உறுப்பு வளைந்தாலோ வலித்தாலோ, ஆசை முழுக்க வற்றினாலோ மூன்று வாரம் காத்திருக்க வேண்டாம், சிறுநீரியல் மருத்துவரிடம் போங்கள். அப்படி எதுவும் இல்லாமல் மூன்று மாதம் பயிற்சி செய்தும் நகரவில்லை என்றால், பாலியல் சிகிச்சையில் பயிற்சி பெற்ற மனநல மருத்துவரையோ உளவியலாளரையோ இருவரும் சேர்ந்து பாருங்கள். அதற்கு முன்னால் இந்தப் பதிலை மனைவியிடம் காட்டி, தடை போடலாமா என்று அவரைக் கேளுங்கள். நாளும் நேரமும் அவரே சொல்லட்டும்.